மேடைக் கிதாருக்கு முன்னூறு ஓசை எதற்கு?

வீட்டில் கிதார் வாசிக்கும் பிள்ளை இருந்தால், என்றாவது ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்.

"அப்பா, எனக்கு ஒரு ப்ராசஸர் வேண்டும்."

அப்பா விழிப்பார். கிதார் வாங்கியாயிற்று. அதற்கு ஆம்ப்ளிபயரும் வாங்கியாயிற்று. இன்னும் என்ன?

பிள்ளை விளக்குவான். அது ஒரு பெட்டி. காலடியில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். நூற்றுக்கணக்கான ஓசைகள் அதில் அடக்கம். லண்டன் ஓசை, அமெரிக்க ஓசை, அறுபது வருஷத்துக்கு முந்திய ஓசை, நேற்று வந்த ஓசை. பொத்தானை மிதித்தால் போதும், கிதாரின் குரல் மாறிவிடும்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடை ஏறி வாசிக்கிறவனுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நல்ல ஆம்ப்ளிபயர் ஒன்று. ஒயர் ஒன்று. காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி ஒன்றோ இரண்டோ. இவ்வளவு போதும். பழசின் மேல் உள்ள மோகத்தால் இதைச் சொல்லவில்லை. காரணங்கள் இருக்கின்றன.

காந்தமும் கம்பியும்

முதலில், மின்சாரக் கிதார் எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம்.

சாதாரணக் கிதாரின் வயிறு காலியாக இருக்கும். அந்தக் காலி வயிற்றில்தான் நாதம் பெருகுகிறது. மின்சாரக் கிதார் பெரும்பாலும் கெட்டிப் பலகை. அதைத் தனியாக மீட்டினால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. அதன் எஃகுத் தந்திகளுக்குக் கீழே காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருக்கிறது. தந்தி அதிர்ந்தால் கம்பியில் மிக மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் அதை ஓசையாக்குகிறது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரியை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அவர் கையில் இருந்ததும் மின்சார மாண்டலின்தான். வழக்கமான எட்டுத் தந்திக்குப் பதில் ஐந்து தந்தி. சாதாரண மாண்டலினில் மீட்டிய ஸ்வரம் உடனே அடங்கிவிடும். மின்சாரம் சேர்ந்ததும் ஸ்வரம் நீண்டு நின்றது. கமகத்துக்கு இடம் கிடைத்தது.

ஆகவே, ஆம்ப்ளிபயர் என்பது கூட்டத்துக்குக் கேட்க வைக்கிற வெறும் குழாய் ஸ்பீக்கர் அல்ல. அதுவும் வாத்தியத்தில் ஒரு பாதி. இதை மறக்கக் கூடாது.

ரேடியோ ரிப்பேர் செய்தவர்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் புல்லர்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே லியோ ஃபெண்டர் என்பவர் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! ஆனால் மின்சாரக் கிதாரும் ஆம்ப்ளிபயரும் செய்தார். 1954-ல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிதார் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

அவருடைய ஆம்ப்ளிபயர்களில் வால்வுகள் இருந்தன. நம் தாத்தா வீட்டு ரேடியோ பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்து சூடாக வேண்டும். பிறகுதான் வாய் திறக்கும். அதே வால்வுதான் இது.

லண்டனுக்கு மேற்கே ஹான்வெல் என்ற பகுதியில் ஜிம் மார்ஷல் கடை வைத்திருந்தார். அவர் டிரம் வாத்தியக்காரர், டிரம் ஆசிரியர். அமெரிக்க ஆம்ப்ளிபயருக்கு அங்கே விலை அதிகம். நாமே செய்தால் என்ன என்று, ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிபயரைப் பார்த்து, 1962-ல் தம் கடை ஆட்களோடு ஒன்று செய்தார். காப்பிதான். ஆனால் பாகங்கள் வேறு, ஸ்பீக்கர் பெட்டி வேறு. ஆகவே குரலும் வேறாகிவிட்டது! உலகத்து ராக் சங்கீதத்தில் பாதி அந்தக் குரலில்தான் பேசியது என்றால் மிகையில்லை.

உடைந்ததில் பிறந்த நாதம்

இனி வருவதுதான் வேடிக்கை. மின்சாரக் கிதாரின் புகழ் பெற்ற கரகரப்பை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கெட்டுப்போன கருவிகள் கொடுத்த பிச்சை அது!

1951-ல் மெம்பிஸ் நகரத்தில் ஐக் டர்னர் குழுவினர் "ராக்கெட் 88" என்ற பாட்டைப் பதிவு செய்யப் போனார்கள். வழியில் ஆம்ப்ளிபயர் சேதமாகிவிட்டது. வண்டியிலிருந்து விழுந்தது என்பார்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் அடி. வேறு வழியில்லை. கிழிந்த இடத்தில் காகிதத்தைத் திணித்தார்கள். அப்படியே வாசித்தார்கள். கிதார் கரகரவென்று பேசியது. பாட்டு வெற்றி!

நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடி, 1961-ல் வெளிவந்த ஒரு பாட்டின் பதிவு. ஒலிப்பதிவு மேஜையில் ஒரு பகுதி பழுது. கிதாரின் ஓசை வண்டு பறப்பதுபோல் இரைந்தது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். ஜனங்கள் அதைத்தான் விரும்பினார்கள். உடனே என்ஜினீயர் கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதையே வேண்டுமென்று உண்டாக்குகிற ஒரு பெட்டியை வடிவமைத்தார். கிப்ஸன் கம்பெனி அதை 1962-ல் "மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்" என்று விற்றது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் "சாட்டிஸ்பாக்‌ஷன்" பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்தார். அந்தப் பெட்டிக்கு அடித்தது யோகம்!

இடையில் 1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் செய்ததைக் கேளுங்கள். தம் சின்ன ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கரை சவர பிளேடால் கீறினார். கிங்க்ஸ் குழுவின் பெரிய வெற்றிப் பாட்டு ஒன்று அந்தக் கீறலிலிருந்து வந்தது. (வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஸ்பீக்கர் விலை தெரியுமல்லவா?)

கைக்குக் கட்டுப்பட்ட ஓசை

வால்வு ஆம்ப்ளிபயரை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் என்ன ஆகிறது? ஓசை அலையின் முனைகள் மழுங்குகின்றன. புதிய இழைகள் நாதத்தில் சேருகின்றன. கரகரப்பு வருகிறது. ஆனால் அது திடீரென்று வராது. மெல்ல மீட்டினால் தெளிவாக இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் தொண்டை கட்டினாற்போல் ஆகும். ஓங்கி அடித்தால் கத்தும். கிதாரிலேயே உள்ள குமிழைக் குறைத்தால் மறுபடி சாந்தம்.

மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே தோல். ஒரே கை. விரல் நுனியில் ஒரு சொல், உள்ளங்கையில் ஒரு சொல். இடது பக்கத்தில் ரவைப் பசை எவ்வளவு அப்ப வேண்டும் என்பது வித்துவானின் காதுக்குத் தெரியும். கச்சேரிக்குக் கச்சேரி அந்தச் சிரமத்தை அவர் படுகிறார். அது வித்தையில் சேர்ந்தது.

கிதாரும் அப்படித்தான். ஏ.சி.டி.சி. குழுவின் மால்கம் யங், கிரெட்ஷ் கிதார் ஒன்றை வைத்திருந்தார். அதில் தமக்குத் தேவையில்லாத காந்தச் சுருள்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கிதாரை மார்ஷல் ஆம்ப்ளிபயரில் செருகி வாசித்தார். மைதானம் கொள்ளாத கூட்டம் வந்து கேட்டது. 2017-ல் அவர் காலமானார். "இன்னும் நாலு ஓசை கூட இருந்திருக்கலாமே" என்று யாரும் குறை சொன்னதில்லை.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969 ஆகஸ்ட் 18-ந் தேதி காலையில் உட்ஸ்டாக் மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். கிதாரில் குண்டு விழுந்தது, விமானம் சீறியது, ஜனங்கள் அலறினார்கள். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கேட்டவர்களுக்குப் புரிந்தது. அவர் காலடியில் கம்ப்யூட்டர் இல்லை. சில பெட்டிகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று ஃபஸ் பேஸ். 1966-ல் லண்டனில் விற்பனைக்கு வந்தது. தட்டுப்போல் வட்டமானது. உள்ளே டிரான்சிஸ்டர் இரண்டு, மற்ற சில்லறைப் பாகங்கள் ஏழு, வெளியே குமிழ் இரண்டு. ஆக மொத்தம் பதினொன்று! பாக்கியெல்லாம் அந்த மனிதரின் கை.

வீட்டில் புலி, மேடையில் எலி

இப்போது ப்ராசஸருக்கு வருவோம். அது தந்தியின் மின்சாரத்தை வினாடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. "இதே ஓசை மார்ஷல் ஆம்ப்ளிபயரில் போனால் எப்படி வெளியே வரும்?" என்பதுதான் கணக்கு. விடையை மறுபடி ஓசையாக்குகிறது. 1998-ல் லைன் 6 கம்பெனியின் பாட் என்ற சிவப்புப் பெட்டி இந்த வித்தையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இன்றைய கருவிகள் அதைவிடப் பல மடங்கு கெட்டி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

"கணக்குப் போட நேரம் ஆகிறதே, ஓசை பிந்துமே" என்று சிலர் குறை சொல்வார்கள். அதில் பாதிதான் நியாயம். நல்ல கருவியில் தாமதம் வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு. காற்றில் ஓசை அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் ஓர் அடி போகும். ஆகவே ஸ்பீக்கரிலிருந்து நாலடி தள்ளி நிற்பதும் இதுவும் ஒன்றுதான். ஆனால் ஒயர் இல்லாத கருவி ஒன்று, டிஜிட்டல் மிக்ஸர் ஒன்று, காதுக் கருவி ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் தாமதம் கூடும். அப்போது விரலுக்கு உறைக்கும்.

என் குறை வேறு. பிள்ளை ப்ராசஸரை வீட்டில் வைத்து ஓசை தேடுகிறான். ராத்திரி. பக்கத்து வீட்டார் தூங்குகிறார்கள். ஓசையைத் தணித்து வைத்திருக்கிறான். சத்தம் குறைந்திருக்கும்போது, மனிதக் காதுக்குக் கனத்த ஓசையும் கீச்சு ஓசையும் சரியாகக் கேட்பதில்லை. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். பிள்ளை என்ன செய்கிறான்? கனத்தைக் கூட்டுகிறான். கீச்சைக் கூட்டுகிறான். நடு ஓசையைக் குறைக்கிறான். ஆகா, சினிமா தியேட்டர் போல் இருக்கிறது! அதை அப்படியே பெட்டியில் பதிந்து வைக்கிறான்.

மறு நாள் மேடை. ஓசை பத்து மடங்கு. கூட்டி வைத்த கனம் போய் டிரம்மோடும் பாஸ் கிதாரோடும் மோதுகிறது. கூட்டி வைத்த கீச்சு போய் வெண்கலத் தாளத்தோடு மோதுகிறது. கிதாருக்குச் சொந்தமான இடம் நடு ஓசை. அதைத்தான் அவன் வெட்டிவிட்டானே! கிதார் காணாமல் போகிறது. பையன் வாசிக்கிறான், விரல் ஓடுகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, மகன் ஏன் வாசிக்காமல் சும்மா நிற்கிறான் என்று கவலைப்படுகிறாள்.

ஆம்ப்ளிபயராக இருந்தால் இதற்கு வைத்தியம் ஒரு வினாடி. "மிடில்" என்று எழுதியிருக்கும் குமிழைத் திருப்பலாம். ப்ராசஸரிலும் வைத்தியம் உண்டு. ஆனால் அது திரையில் மூன்று பக்கம் தாண்டி உள்ளே இருக்கிறது. பாடகர் அடுத்த சரணத்துக்கு வந்துவிட்டார். குனிந்து தேட நேரம் ஏது? ஒரு ஓசையைச் சரி செய்தாலும் அடுத்த பாட்டுக்கு வேறு ஓசை. அதையும் தனியாகச் சரி செய்ய வேண்டும். முன்னூறு ஓசை இருந்தால் முன்னூறு தலைவலி!

திருவிழா மேடை வேறு ஒரு பரீட்சை வைக்கும். மாலை வெயில் நேராக அடித்தால் திரையில் எழுத்தே தெரியாது. கரண்ட் போய்ப் போய் வந்தால், ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் முதலிலிருந்து கண் விழிக்க வேண்டும். அதற்கு அரை நிமிஷம் பிடிக்கிற கருவிகளும் உண்டு. மேடையில் அரை நிமிஷ மௌனம் அரை மணி போல் இருக்கும். சாதாரண ஆம்ப்ளிபயரும் கரண்ட் போனால் ஊமைதான். ஆனால் கரண்ட் வந்ததும், டிரான்சிஸ்டர் வகையானால் உடனே பாடும். வால்வு வகையும் சூடு ஆறுவதற்குள் கரண்ட் வந்துவிட்டால் தாமதிக்காது.

யார் ரிப்பேர் செய்வார்?

பணம் போட்டு வாங்குகிற குடும்பத்துக்கு இது பெரிய கேள்வி. சின்ன மிதிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது எல்லாம் தெரியும். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த மெக்கானிக் உட்கார்ந்து சரி செய்துவிடுவார். ஜப்பானிய பாஸ் கம்பெனி 1978-ல் டி.எஸ். 1 என்ற ஆரஞ்சு நிறப் பெட்டியை விற்க ஆரம்பித்தது. மூன்றே குமிழ். நிர்வாணா குழுவின் கர்ட் கோபெய்ன் அதை மிதித்துத்தான் உலகத்தை உலுக்கினார். இன்றும் அது கடையில் இருக்கிறது. விலையும் ஒரு குடும்பம் தாங்கக் கூடியது.

ப்ராசஸர் அப்படியல்ல. உள்ளே நெருக்கமாக அச்சடித்த பலகை. ஒரு சில்லு போனால் உள்ளூரில் யாரும் தொட மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. அது கம்ப்யூட்டர் என்பதால் கம்ப்யூட்டருக்கு வருகிற மூப்பும் அதற்கு வரும். பத்து வருஷத்தில் அதன் மென்பொருளைக் கம்பெனியே மறந்துவிடலாம். அறுபது வருஷத்துக்கு முன் செய்த ஆம்ப்ளிபயர்களோ இன்றும் மேடையில் பாடிக்கொண்டிருக்கின்றன.

வால்வுக்கும் தொல்லை இல்லாமலில்லை. இன்று உலகத்தில் அதைச் செய்கிற பெரிய தொழிற்சாலைகள் மிகச் சிலவே. ரஷியாவிலும், ஸ்லோவாக்கியாவிலும், சீனாவிலும் இருக்கின்றன. 2022-ல் யுக்ரேன் யுத்தத்தை ஒட்டி ரஷியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது, கிதார்காரர்கள் கதிகலங்கிப் போனார்கள். வால்வு கிடைக்கவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் இருக்கிறது. ரோலண்டு கம்பெனியின் ஜாஸ் கோரஸ் 1975-ல் வந்தது. அதில் வால்வே கிடையாது. முகப்பில் உள்ள குமிழ்கள்தான். எளிமை வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கண்ணாடிக் குழாய்தான் வேண்டும் என்று சொல்லவில்லை.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 400 வோல்ட்டுக்கு மேலும் மின்சாரம் இருக்கலாம். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கியிருக்கும். பிள்ளைகள் அதைத் திறக்கவே கூடாது.

எதிர்க் கட்சியின் நியாயம்

ப்ராசஸர் கட்சிக்காரர்களிடமும் நியாயம் உண்டு. ஃபெண்டரின் ட்வின் ரிவர்ப் ஆம்ப்ளிபயர் சுமார் 29 கிலோ. பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முறைப்பார். ப்ராசஸரை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ராத்திரி ஹெட்போன் போட்டுக்கொண்டு சாதகம் செய்யலாம். வீட்டார் தூக்கம் கெடாது. அதற்கு அதுவே உத்தமம்.

2013 டிசம்பரில் மெட்டாலிகா குழு அன்டார்க்டிகா பனிப் பிரதேசத்தில் கச்சேரி செய்தது. அங்கே பிராணிகளுக்கும் பனிக்கும் தொல்லை வரக் கூடாது. ஆகவே ஸ்பீக்கரே இல்லை! கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். அங்கே போய் மார்ஷல் பெட்டியைத்தான் அடுக்குவேன் என்றால் அது மூடத்தனம்.

யூ டூ குழுவின் எட்ஜ் என்பவரைப் பாருங்கள். எதிரொலி தருகிற டிஜிட்டல் கருவியை அவர் விட்டதில்லை. ஆனால் அந்த எதிரொலி போய்ச் சேர்ந்தது 1964-ல் செய்த ஒரு வாக்ஸ் ஆம்ப்ளிபயருக்கு. இது சமர்த்தான சம்பந்தம். எதற்கு எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்காரர்களும் ஒன்று சொல்வார்கள். ஒரே ராத்திரியில் அறுபது வருஷத்துச் சினிமாப் பாட்டும் வாசிக்க வேண்டும், பாட்டுக்குப் பாட்டு ஓசை மாற வேண்டும், என்ன செய்வது என்பார்கள். உண்மைதான். ஆனால் கேட்க வருகிறவர்கள் பாட்டின் மெட்டைத்தான் தேடி வருகிறார்கள். தெளிந்த ஓசை ஒன்று, கரகரப்பு ஒன்று, எதிரொலி ஒன்று. இந்த மூன்றில் பெரும்பாலான பாட்டு அடங்கிவிடும். அடங்காத நாலு பாட்டுக்காக ஒரு கம்ப்யூட்டரைச் சுமக்க வேண்டுமா என்று அவர்களே யோசிக்கட்டும்.

எதை வாங்கலாம்?

முதலில் ஆம்ப்ளிபயர். பெரிய வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 100 வாட் என்பது 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் அல்ல. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். வால்வு வகையில் 15 வாட்டே கல்யாண மண்டபத்துக்குப் போதும். பெரிய மைதானமானால் மைக்செட்காரர் அதன் முன் ஒரு மைக் வைத்துவிடுவார். காதுக்கும் நல்லது. அதிக சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றால் காது கெடும். கெட்ட காது திரும்பாது.

பிறகு ஒரு நல்ல ஒயர். கடைசியில் ஒரு மிதிப் பெட்டி. அதோடு ஆறு மாதம் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஓசை எங்கிருந்து வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அப்புறமும் ப்ராசஸர்தான் வேண்டும் என்றால் வாங்கிக் கொடுங்கள். தெரிந்து கேட்கிறான் என்று அர்த்தம்.

கடைக்குப் போகும்போது பிள்ளையின் சொந்தக் கிதாரைக் கொண்டு போங்கள். கடைக் கிதாரில் வாசித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆம்ப்ளிபயரை மேடையில் வைக்கிற அளவுக்குத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் கிதாரின் குமிழை முழுக்க வைத்து ஒரு பாட்டு. பிறகு அதே குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி அதே பாட்டு. ஓசை வெறுமனே சின்னதாகிறதா, அல்லது குணமே மாறிக் கண்ணாடிபோல் தெளிகிறதா என்று கேளுங்கள். தெளிந்தால் அதை வாங்கலாம். சத்தத்துக்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் கொடுப்பது நீங்கள்.